இரண்டரை மணி நேரத்தில் சிங்கப்பூர்: ஓர் இலவசச் சுற்றுலாவின் விமர்சனம்

சென்ற வருடம் ஆபீஸ் வேலையாக சிட்னி போக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எங்காவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் விலையைப் பார்த்தாரே தவிர நேரத்தைப் பார்க்கவில்லை. காலை ஆறு மணிக்கு சிங்கப்பூரில் இறங்கினால் மதியம் இரண்டு மணிக்குத்தான் அடுத்த விமானம். முழுசாக எட்டு மணி நேரம்.

அங்கே ட்ரான்சிட் பகுதியில் ஒரு கவுண்டர் இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் காத்திருக்கும் பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றி, ஊரைக் காட்டி, இரண்டரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். காசு கிடையாது. கூடவே ஒரு வழிகாட்டியும் வருவார். பெயர் கொடுத்தேன், இடம் கிடைத்தது, போய்விட்டு வந்தேன்.

இது பயணக் கட்டுரை இல்லை. என்ன சாப்பிட்டேன், எங்கே செல்ஃபி எடுத்தேன் என்பதெல்லாம் இதில் வராது. ஒரு புத்தகத்தையோ படத்தையோ விமர்சிப்பதுபோல அந்தச் சுற்றுலாவை விமர்சிக்கப் பார்க்கிறேன். சுற்றுலாவும் ஒரு பிரதிதான், இல்லையா? யாரோ உட்கார்ந்து எதைக் காட்டலாம், எதை விடலாம், எங்கே இருபது நிமிடம், எங்கே ஜன்னல் வழியாக மட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். சொல்ல வேண்டிய வாக்கியங்களும் பெரும்பாலும் தயாராகவே இருக்கின்றன. அப்படியென்றால் அதைப் படிக்கவும் குறை சொல்லவும் முடியும்.

எனக்கு இதில் ஒரு சொந்த அக்கறையும் உண்டு. அம்மாவின் அப்பா 1948இலிருந்து 1964 வரை சிங்கப்பூரில் ஹார்பர் போர்டில் வேலை பார்த்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். அவருக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் அந்த ஊருக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அதுவும் இரண்டரை மணி நேரத்துக்கு! தாத்தா சொன்ன கதைகளில் ஒன்று மட்டும் அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "கப்பல் கரைக்கு வராது. கடல்லயே நின்னுடும். போட்டுல எறங்கித்தான் கரைக்குப் போகணும். அந்தப் போட்டுல எறங்குறதுக்குள்ள உசிர் போயிடும்." இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் வடிகட்டி

பஸ் ஏறுவதற்கு முன்பே இந்தச் சுற்றுலா ஒரு தேர்வு வைத்துவிடுகிறது. ட்ரான்சிட் பகுதியிலிருந்து ஊருக்குள் போவதென்றால் குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற சில நாடுகளின் விசா கையில் இருந்து, மேற்கொண்டு போகும் டிக்கெட்டும் இருந்தால், விசா இல்லாமலே 96 மணி நேரம் வரை உள்ளே விடுகிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. என்னிடம் ஆஸ்திரேலிய விசா இருந்ததால் நுழைய முடிந்தது.

என் கூடவே சென்னையிலிருந்து வந்த ஒருவர் வேறு நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கும் ஏழு மணி நேரம் காத்திருப்பு. விசாவும் இல்லை, இந்த ஏற்பாட்டுக்கான தகுதியும் இல்லை. "நீங்க போய்ட்டு வாங்க சார், நான் இங்கயே படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் காலை நீட்டினார். இது சுற்றுலா நடத்துபவர்களின் தப்பு இல்லை. எல்லா நாட்டு எல்லைகளும் இப்படித்தான். ஆனாலும் 'எல்லாருக்கும் இலவசம்' என்று நாம் நினைத்துக்கொள்வதில் யாரெல்லாம் அடக்கம் என்பதைப் பார்த்துவிட்டு மேலே போவோம். 1948இல் தாத்தா எந்த வரிசையில் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இலவசம் ஏன்?

இஸ்தான்புல், சியோலின் இஞ்சியோன், தைவானின் தாவோயுவான் போன்ற இடங்களிலும் இப்படிக் காத்திருக்கும் பயணிகளுக்கு இலவசச் சுற்றுலாக்கள் உண்டு. இது யாருடைய தாராள மனசும் இல்லை, நல்ல வியாபாரம். சிங்கப்பூரை எடுத்துக்கொண்டால், உள்நாட்டு விமானப் போக்குவரத்து என்று அங்கே எதுவுமே கிடையாது. அந்த விமான நிலையம் பெரிதாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்த ஊருக்கு வராதவர்களும் அங்கே வந்து மாறிப் போவதுதான். சென்னையிலிருந்து சிட்னி போகிறவனுக்கு கோலாலம்பூர், பாங்காக் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எல்லா வழியிலும் காத்திருப்பு என்பது ஒரு குறை. அந்தக் குறையையே ஒரு பரிசாக மாற்றிக் கொடுத்தால் பயணி அடுத்த தடவையும் இந்த வழியையே தேர்ந்தெடுப்பான். போன இடம் பிடித்துவிட்டால், அடுத்த முறை இரண்டு நாள் ஹோட்டல் போட்டுத் தங்கவும் செய்வான்.

ஆக, இது ஒரு ட்ரெய்லர். ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு 'கதையே சொல்லவில்லையே' என்று சண்டை போடக்கூடாது. ட்ரெய்லராக அது எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என்ன காட்டினார்கள்

வழிகள் அவ்வப்போது மாறும். நகரக் காட்சிகள் என்று ஒன்று, பழைய குடியிருப்புப் பகுதிகள் என்று இன்னொன்று. எனக்குக் கிடைத்தது முதலாவது. விமான நிலையத்திலிருந்து கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலை, அப்புறம் ஜன்னல் வழியாகப் பழைய அரசுக் கட்டடங்கள், மெர்லயன் பூங்காவில் இருபது நிமிடம், கார்டன்ஸ் பை தி பேயில் கொஞ்ச நேரம், மறுபடி விமான நிலையம்.

நிர்வாகத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டிய ஒரு சிங்கப்பூர்ச் சீனர். பத்துப் பன்னிரண்டு நாட்டுக்காரர்கள், பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில், சிலருக்கு ஆங்கிலமே புரியாது. அத்தனை பேரையும் ஒரு சின்னக் கொடியை வைத்துக்கொண்டே மேய்த்தார். ஒருவரும் தொலையவில்லை, ஒரு விமானமும் போய்விடவில்லை. புரொடக்‌ஷனில் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்து எழுந்திருக்கிறவன் என்ற முறையில் இதன் அருமை எனக்குத் தெரியும்.

சொன்ன விஷயங்களும் சரியானவைதான். மெர்லயன் சிலை 8.6 மீட்டர் உயரம், 70 டன் எடை. கார்டன்ஸில் உள்ள சூப்பர் மரங்கள் 18, உயரம் 25 மீட்டரிலிருந்து 50 மீட்டர் வரை. எதிரே மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் வைத்தது போல நிற்கும் ஹோட்டல் 2010இல் திறக்கப்பட்டது. எதையும் தப்பாகச் சொல்லவில்லை.

குறை எங்கே?

இந்த மாதிரிச் சுற்றுலாக்களைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "ரெண்டரை மணி நேரத்துல என்னத்தப் பார்க்க முடியும்? பஸ்ஸ விட்டு இறங்கி ஏறுறதுக்கே சரியாப் போயிடும்." இதை நான் ஏற்கவில்லை. குறுகியது என்பது ஒரு குறையே இல்லை. சிறுகதையைப் பார்த்து 'நாவல் மாதிரி நீளமாக இல்லையே' என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் தொழிலில் படத்தைச் சுருக்குவதற்கு ஜேபெக் என்றொரு முறை உண்டு. பத்து எம்பி படம் அரை எம்பியாகிவிடும். நிறையத் தகவலைத் தூக்கி எறிவதால்தான் அப்படிச் சுருங்குகிறது. ஆனால் கண்மூடித்தனமாக எறிவதில்லை. மனிதக் கண் எதைக் கவனிக்காதோ அதை எறிகிறது, கவனிப்பதை வைத்துக்கொள்கிறது. அதாவது பார்க்கிறவனின் கண் எப்படிப்பட்டது என்று ஒரு ஊகம் அதற்குள் இருக்கிறது. ஊகம் சரியாக இருந்தால் படமும் நன்றாக இருக்கும்.

இந்தச் சுற்றுலாவுக்குள்ளும் அப்படி ஒரு ஊகம் இருக்கிறது. பயணி களைத்திருக்கிறான், அவனுக்குப் படம் எடுக்க வேண்டும், பெரியது, உயரமானது, புதியது என்பவை மட்டும்தான் மண்டையில் ஏறும் என்பதே அந்த ஊகம். அதனால் உயரம், எடை, திறந்த வருடம் எல்லாம் மிஞ்சுகின்றன. ஏன், எப்படி, யார் செய்தது, அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்பவை எறியப்படுகின்றன. என் புகார் இந்த ஊகத்தின் மேல்தான், நேரத்தின் மேல் அல்ல.

இந்த ஊகம் தப்பு என்பதற்கு அந்தப் பஸ்ஸிலேயே ஒரு சாட்சி கிடைத்தது.

மெர்லயன் முன்னால் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் ஒரு வயதான அம்மா, எந்த நாடு என்று கேட்டுக்கொள்ளவில்லை, சிங்கத்தின் வாயிலிருந்து விழும் தண்ணீரைக் காட்டி வழிகாட்டியிடம், "இது எங்கே விழுகிறது, கடலா, ஆறா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் இல்லை அம்மா. இது நாங்கள் குடிக்கிற தண்ணீர்" என்றார்.

போனைத் தூக்கிப் பிடித்திருந்த நாலைந்து பேர் அதை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார். கடல் வாயை அடைத்து ஒரு தடுப்பணை கட்டிவிட்டோம், மழை நீர் சேரச் சேர உப்பு போய் இது இப்போது ஏரி, என்றார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த இரண்டரை மணி நேரத்தில் குழு முழுக்க ஒன்றாகக் காது கொடுத்துக் கேட்ட இடம் அதுதான். கேட்ட பிறகு மறுபடி படம் எடுத்தார்கள். இந்தத் தடவை தண்ணீரை எடுத்தார்கள்.

இதுதான் என் வாதம். நிறுத்தங்களை மாற்ற வேண்டாம். நேரத்தைக் கூட்டவும் வேண்டாம். வாக்கியங்களை மாற்றினால் போதும். வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், அதே வழியில் நாலு இடங்களுக்கு நானே எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: விரைவுச்சாலை

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வரும் சாலையில் இரண்டு பக்கமும் மரம் கவிந்து ரொம்ப அழகாக இருக்கும். வழிகாட்டிகள் பொதுவாக இங்கே பசுமையைப் பற்றிப் பேசுவார்கள். நான் இதைச் சொல்லச் சொல்வேன்: "நீங்கள் இப்போது கடல் மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இந்தச் சாலை இருக்கும் இடம் 1960களின் நடுவில் தண்ணீர். நீங்கள் வந்து இறங்கிய விமான நிலையத்திலும் பெரும் பகுதி அப்படித்தான். 1960களில் எங்கள் நாடு சுமார் 580 சதுர கிலோமீட்டர். இன்று 730க்கு மேல்."

ஒரு நாடு தன்னைத்தானே கால் பங்கு பெரிதாக்கிக்கொண்டது என்பதை அந்த மண்ணின் மேலேயே பஸ்ஸில் போகும்போது கேட்பது வேறு மாதிரி இருக்கும். இதற்கு எங்கும் நிற்கக்கூட வேண்டாம். எப்படியும் அந்தச் சாலையில் கால் மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டு: வெள்ளைத் தேவாலயம்

பழைய அரசுக் கட்டடங்கள் பக்கம் போகும்போது புல்வெளி நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம் தெரியும். செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். 1856இல் கட்ட ஆரம்பித்து 1861இல் முதல் வழிபாடு நடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் இங்கிலாந்து தேவாலயம் மாதிரியே இருக்கும்.

அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825இலிருந்து 1873 வரை சிங்கப்பூர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளின் ஊர். சாலை போட்டது, சதுப்பு நிலத்தைத் தூர்த்தது, கவர்னர் மாளிகை கட்டியது எல்லாம் அவர்கள்தான். அந்தக் கவர்னர் மாளிகைதான் இன்றைக்கு இஸ்தானா, அதாவது அதிபர் மாளிகை.

தேவாலயத்தின் உள்சுவர்களில் பூசியிருப்பதற்குப் பெயர் மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக் கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் இவற்றைக் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பவர்களுக்கு இது என்னவென்று புரியும். அதே குடும்பத்துக் கைவேலைதான்.

சொல்ல வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்: "அந்த வெள்ளைத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள், சுவர்ப் பூச்சில் முட்டையும் சர்க்கரையும் இருக்கிறது." சிக்னல் விழுந்து பச்சை வருவதற்குள் சொல்லிவிடலாம். முட்டையும் சர்க்கரையும் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

மூன்று: மெர்லயன்

பாதி சிங்கம் பாதி மீன். நிறையப் பேர் இதை ஏதோ பழைய புராண விலங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலாய் இளவரசன் சங் நீல உத்தமன் இங்கே ஒரு சிங்கத்தைப் பார்த்ததாகவும் அதனால் சிங்கபுரம் என்று பெயர் வைத்ததாகவும் மலாய் மரபுக் கதை உண்டு, அது பழசுதான். ஆனால் மீன் வால் 1964ஆம் வருடத்தது. சுற்றுலா வாரியத்துக்குச் சின்னம் வேண்டும் என்று ஃப்ரேசர் புருன்னர் வரைந்து கொடுத்தது. அவர் வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் பொறுப்பாளர், மீன்களை ஆராய்ந்தவர். வால் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சிலையைச் செய்தவர் லிம் நாங் செங். 1972இல் லீ குவான் யூ திறந்துவைத்தார். அப்போது அது ஆற்றின் வாயில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1997இல் முன்னால் ஒரு பாலம் வந்து பார்வையை மறைத்துவிட்டது. 2002இல் 70 டன் சிலையைத் தூக்கி 120 மீட்டர் தள்ளி இப்போதைய இடத்தில் வைத்தார்கள். 2008இல் தடுப்பணை வந்த பிறகு அது பார்ப்பது கடலைக்கூட இல்லை, குடிநீர்த் தேக்கத்தை.

இதே ஆற்று வாயின் தென்கரையில், இப்போது ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் இருக்கும் பகுதியில், ஒரு பெரிய கல்வெட்டுப் பாறை இருந்தது. சுமார் ஐம்பது வரிகள். 1843இல் கட்டட வேலைக்கு இடைஞ்சல் என்று ஆங்கிலேயர்கள் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய ஒரு துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றுவரை முழுதாக யாரும் படித்துவிடவில்லை. 2019இல் இயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர் அதிலுள்ள சில எழுத்துகளை வைத்து, சோழர்களின் 'பரகேசரி' பட்டமாக இருக்கலாம் என்றார். அது ஒரு ஊகம்தான், முடிவு அல்ல. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு 'சிங்கப்பூர் சோழன் கட்டிய ஊர்' என்று வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள்.

ஆக, வாக்கியம்: "இந்தச் சிலை 1972இல் வந்தது. இதே ஆற்று வாயில் பல நூற்றாண்டு பழைய கல்வெட்டு ஒன்று இருந்தது, 1843இல் உடைத்துவிட்டோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்னும் தெரியாது." அறுபது வருடச் சின்னம், அதன் காலடியில் படிக்க முடியாத ஒரு கல். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சிலையின் மதிப்பு குறையாது. தனக்கென்று ஒரு அடையாளத்தை ஏன் அந்த ஊர் வரைந்து எடுக்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

நான்கு: தோட்டம்

கார்டன்ஸ் பை தி பே பார்க்கப் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை. 101 ஹெக்டேர், அத்தனையும் கடலைத் தூர்த்த நிலம். இங்கே நான் சேர்க்கச் சொல்வது தண்ணீரைப் பற்றி. அந்த அம்மாவின் கேள்விக்குத் தொடர்ச்சி. "இந்தத் தேக்கத்தில் நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை வந்து சேர்கிறது. மலேசியாவிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் தரும் ஒப்பந்தம் 1962இல் போட்டது, 2061இல் முடிகிறது. அதனால்தான் கடலை அடைத்தோம்." எதிரே தெரியும் அழகான தண்ணீர்ப் பரப்புக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது, ஒரு கவலை இருக்கிறது. சென்னைக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் நாம்.

மறுப்புகள்

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "விளம்பரத்துக்காக நடத்துற டூர்ல கைதி, ஒடஞ்ச கல்லு, தண்ணிப் பஞ்சம் எல்லாம் எவன்யா சொல்வான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் விளம்பரமாகப் பார்த்தாலும் என் பக்கம்தான் லாபம் என்று நினைக்கிறேன். உயரமான கட்டடம் துபாயிலும் இருக்கிறது, ஷாங்காயிலும் இருக்கிறது. நாளைக்கு வேறு எங்காவது இன்னும் உயரமாக வரும். உயரத்தை வைத்து ஊரை விற்றால் அடுத்த உயரம் வரும் வரைக்கும்தான் செல்லும். கடலை அடைத்துக் குடிநீராக்கிய கதையை வேறு யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது 50 மீட்டர் மரத்தால் அல்ல, "நாங்கள் குடிக்கிற தண்ணீர்" என்ற அந்த வாக்கியத்தால்.

இன்னொரு மறுப்பு, பழைய பகுதிகளுக்குப் போகும் சுற்றுலா தனியாக இருக்கிறதே, வரலாறு வேண்டுமென்றால் அதில் போகலாமே என்பது. இருக்கிறது. ஆனால் 'வரலாறு' என்று ஒரு பஸ், 'நகரம்' என்று ஒரு பஸ் எனப் பிரிப்பதில்தான் எனக்குச் சிக்கல். சைனாடவுனில் பகோடா தெரு என்று ஒன்று இருக்கிறது. ஏதோ சீனக் கோயிலை வைத்து வந்த பெயர் என்று தோன்றும். உண்மையில் தெருமுனையில் இருக்கும் மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் அப்போது பகோடா என்றார்கள். 1827இல் நாராயண பிள்ளை ஆரம்பித்த கோயில். சீனர் பகுதியின் தெருப் பெயரில் தமிழர் கோபுரம் நிற்கிறது. இந்த ஊரே இப்படி ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் இருக்கிறது. அதைத் தனித்தனிப் பஸ்ஸில் ஏற்றினால் எப்படி?

என் தப்பும் உண்டு

கடைசியாக ஒரு விஷயம். இதை எழுத உட்கார்ந்தது இதனால்தான்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து, சிங்கப்பூரின் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளிஃபர்ட் பியர் என்று ஒரு இறங்குதுறை. 1933இல் திறந்தது. நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து படகில் வந்தவர்கள் கரையேறிய இடம். 2006இல் மூடிவிட்டார்கள், இப்போது ஒரு ஹோட்டலோடு சேர்ந்துவிட்டது, கட்டடம் அப்படியே இருக்கிறது. படத்தில் தண்ணீர் முழுக்கப் படகுகள், படிக்கட்டில் மூட்டையோடு ஜனங்கள். தாத்தா சொன்ன கதை அப்படியே அங்கே பொருந்துகிறது.

அது எங்கே இருக்கிறது என்று மேப்பில் பார்த்தேன். மெர்லயன் சிலையிலிருந்து கரையோரமாகவே ஐந்து நிமிட நடை.

அந்த இருபது நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்று போனைத் திறந்து பார்த்தேன். சிங்கத்தை 31 படம் எடுத்திருக்கிறேன். அதில் இரண்டு படங்களில் பின்னால் ஃபுல்லர்ட்டன் ஹோட்டல் தெரிகிறது. 1928இல் கட்டிய அந்தக் கட்டடம்தான் ஹோட்டல் ஆவதற்கு முன் பல பத்தாண்டுகள் தலைமைத் தபால் நிலையம். தாத்தாவின் கடிதங்களைச் சுமந்த அமைப்பின் தலைமையிடமே என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறது, ஃபோகஸ் இல்லாமல்.

வழிகாட்டியிடம் இதற்குக் குறை சொல்ல முடியாது. என் தாத்தாவை அவருக்குத் தெரியாது. போவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்திருக்க வேண்டியவன் நான். ராத்திரி ராத்திரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளைப் புரட்டுகிற எனக்கே இது தோன்றவில்லை என்றால், 'இது சும்மா ட்ரான்சிட்தானே' என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது. களைத்த பயணி எதையும் கவனிக்க மாட்டான் என்ற அந்த ஊகத்துக்கு நானே ஒரு சாட்சியாகிவிட்டேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பஸ்ஸில் வந்த இந்தியர்கள், சீனர்கள், இந்தோனேசியர்கள் எத்தனை பேருடைய பாட்டனோ பூட்டனோ இப்படி ஏதோ ஒரு துறைமுகப் படியில் மூட்டையோடு ஏறியிருப்பான். "அதோ அந்தப் பக்கம்தான் கப்பலில் வந்தவர்கள் எல்லாம் கரையேறினார்கள்" என்று ஒரு வாக்கியம், கையை நீட்டிச் சொல்ல ஐந்து நொடி. யாராவது ஒருத்தராவது அந்தப் பக்கம் திரும்பியிருப்போம்.

அம்மாவிடம் போட்டோக்களைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். துறைமுகப் படியைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் விஷயத்தில்தான் நின்றுவிட்டார். "அப்பா பயந்து பயந்து போட்டுல எறங்குன அந்தக் கடல் தண்ணியவா இப்ப எல்லாரும் குடிக்கிறாங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

உங்களுக்கும் அங்கே ஆறேழு மணி நேரம் காத்திருப்பு விழுந்து, உள்ளே போகும் தகுதியும் இருந்தால், கட்டாயம் அந்தச் சுற்றுலாவில் போங்கள். நன்றாகவே நடத்துகிறார்கள். மெர்லயனை இரண்டு படம் எடுத்தால் போதும். மிச்ச நேரத்தில் கரையோரமாகத் தெற்கே ஐந்து நிமிடம் நடந்து அந்த இறங்குதுறையைப் பார்த்துவிட்டு, கொடி பிடித்தவர் தேடுவதற்குள் திரும்பி வந்துவிடுங்கள். அவரிடம் ஏதாவது கேள்வியும் கேளுங்கள். எழுதிக் கொடுத்த வாக்கியங்களைத் தாண்டி அவர்களுக்கு நிறையத் தெரியும், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.